சாலையோரத்தில் டட்சன் 120ஒய்: நெருப்பா, எண்ணெயா?

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எரிச்சலான நோய் கிடையாது. போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோய் நிறுத்துவதற்குள் வண்டி ஆறியிருக்கும். அவர் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். இந்த நோயை அது வந்த இடத்தில், வந்த நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. அதாவது சாலையோரத்தில், வெயிலில்.

என் வண்டி 1977ஆம் ஆண்டு டட்சன் 120ஒய். 1171 சிசி ஏ12 இன்ஜின், ஹிட்டாச்சி கார்புரேட்டர், பாயிண்ட் (திறந்து மூடும் சின்ன மின்தொடர்பு) வைத்த டிஸ்டிரிபியூட்டர். டான் சோங் கம்பெனிக்காரர்கள் 1957 முதல் இங்கே மலேசியாவில் டட்சன் விற்றவர்கள். ஒரு காலத்தில் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா), வாத்தியார், பஜார் கடைக்காரர் என்று யாரைப் பார்த்தாலும் இந்த வண்டியில்தான் போவார்கள். இப்போது பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பட்டணத்தில் சமிக்ஞை விளக்கில் நின்றால், பக்கத்தில் நிற்கும் மோட்டார்காரர் "விக்கிற மாதிரி இருக்கா அண்ணே?" என்று கேட்கிறார். விற்கிற மாதிரி இல்லை.

அன்று பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு லிந்தாங் பக்கம் ஒரு கருமாதி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிற்பகல். இரண்டு பக்கமும் செம்பனை. வெளியூர்க்காரர்களுக்கு சுங்கை சிப்புட் என்றால் 1948 ஜூன் 16ஆம் தேதி வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டதும், அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலமும்தான் நினைவுக்கு வரும். எனக்கு இனிமேல் கண்டென்சர் என்ற சின்ன மின்சாமான் நினைவுக்கு வரும்.

ஏற்றத்தில் முதலில் ஒரு திக்கல். ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை. பிறகு வரிசையாகத் திக்கி, சைலன்சரில் ஒரு வெடி, அப்புறம் மொத்தமாக அமைதி. கிளட்சை மிதித்து, இருந்த வேகத்திலேயே இடது ஓரத்து மண்ணுக்கு உருட்டிவிட்டேன். குலை ஏற்றிய லோரிகள் அந்தச் சாலையில் வேகமாக வரும். அதனால் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் முக்கோணத்தை எடுத்துக்கொண்டு வளைவு வரைக்கும் பின்னால் நடந்து வைத்துவிட்டு வந்தேன். வளைவைத் தாண்டி வருபவருக்கு அது தெரியவேண்டும். வண்டிக்குப் பின்னால் நாலடியில் வைப்பது வைக்காததற்குச் சமம்.

பெரியப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டி, பிறகு தோட்ட ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பானெட்டத் தூக்கு. ஆனா எதையும் கழட்டாதய்யா. மொதல்ல மூக்க நீட்டு."

பெட்ரோல் வாசம் நன்றாக அடித்தது. எண்ணெய் (பெட்ரோலைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) வந்திருக்கிறது, எரியவில்லை என்பதற்கு அது முதல் குறிப்பு. வாசத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஹிட்டாச்சி கார்புரேட்டரில் ஒரு நல்ல வசதி உண்டு: மிதவை அறையின் முகப்பில் ஒரு சின்னக் கண்ணாடி, அதில் எண்ணெய் மட்டத்துக்கு ஒரு குறி. ஒரு ஸ்பானரையும் எடுக்காமல், குனிந்து பார்த்தாலே போதும். எண்ணெய் குறியில் நின்றது. அதோடு பெட்ரோல் பம்ப், பில்டர், டேங்க், குழாய் என்று பாதி சந்தேகம் கழிந்தது.

ஆனால் இந்த இடத்தில்தான் பலபேர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் வெயிலில் பழைய வண்டி நின்றால் எல்லோருடைய முதல் தீர்ப்பும் ஒன்றுதான்: "எண்ணெய் கொதிச்சிருச்சு." அப்படி நடப்பதில்லை என்று சொல்லவில்லை. ஏ12 இன்ஜினில் எண்ணெயும் காற்றும் உள்ளே போகும் குழாய், புகை வெளியேறும் குழாய் இரண்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் புகைக்குழாய்க்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் எண்ணெய் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஈரத் துணியை பெட்ரோல் பம்பின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், கண்டென்சர் சூட்டில் செத்திருந்தாலும் அதே ஈரத் துணியைப் போட்டுக் காத்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும். துணி ஒன்றும் செய்யவில்லை. காத்திருந்த நேரத்தில் கண்டென்சரும் ஆறிவிட்டது, அவ்வளவுதான். பிளக்குக்கு உயர் அழுத்தம் தரும் காயில் சூட்டில் செத்தாலும் இதே கதை. மூன்று நோய்க்கும் ஒரே மருந்து வேலை செய்வதுபோல் தெரியும். அதனால்தான் இந்த வண்டிகள் மாதக்கணக்கில் பம்ப் மாற்றி, பில்டர் மாற்றி, கார்புரேட்டர் கழுவி, கடைசியில் யாருக்காவது விற்கப்படுகின்றன.

ஆகவே ஆறவிடக் கூடாது. சூடு இருக்கும்போதே நெருப்பைப் பார்த்துவிட வேண்டும். (எங்கள் வட்டாரத்தில் ஸ்பார்க்குக்கு நெருப்பு என்றுதான் பேச்சு. நானும் அப்படியே எழுதுகிறேன்.)

டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயில் வயரைப் பிடுங்கினேன். அதன் முனையை பிளாக்கில் ஒரு சுத்தமான போல்ட்டிலிருந்து ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்படி செருகி வைத்தேன். கையால் பிடிக்கக் கூடாது. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும் இடம் அது. கார்புரேட்டர் பக்கமும் கூடாது, எண்ணெய் ஆவி இருக்கும். மூடியைக் கழற்றினால் பாயிண்ட் திறந்த நிலையில் நின்றது. நான்காம் கியரில் போட்டு வண்டியை லேசாகத் தள்ளினால் இன்ஜின் கொஞ்சம் சுற்றும், பாயிண்ட் மூடிக்கொள்ளும். தள்ளுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

சரியான நேரத்துக்கு ஒரு தம்பி கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) வந்து நின்றான்.

"அண்ணே, எண்ண தீந்து போச்சா?"

"எண்ண இருக்கு தம்பி. நெருப்புதான் இல்ல. ஒரு கை குடு."

தள்ளினான். சாவியை ஆன் செய்துவிட்டு, காய்ந்த குச்சி ஒன்றை உடைத்து அதனால் பாயிண்டைத் திறந்து திறந்து விட்டேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காயில் வயர் முனையில் நீல நிறத்தில் 'டப்' என்று குதிக்க வேண்டும். குதித்தது, ஆனால் ஆரஞ்சு நிறத்தில், நூல்போல மெல்லிசாக, அதுவும் சில தடவை மட்டும். அதே நேரத்தில் பாயிண்டிலேயே பெரிய வெளிச்சம். வெல்டிங் கடை வாசலில் நிற்பது போல இருந்தது.

பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கண்டென்சர்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டார்.

ஏன் அது கண்டென்சர் என்று சொல்லிவிடுகிறேன். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் நிற்கிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிய வேண்டும். சரியும் வேகத்தில்தான் இரண்டாவது சுருளில் பிளக்குக்குத் தேவையான உயர் அழுத்தம் பிறக்கிறது. ஆனால் அந்தச் சரிவில் முதல் சுருளிலும் 200, 300 வோல்ட் எழும்பும். அது திறந்துகொண்டிருக்கும் பாயிண்டின் இடைவெளியைத் தாண்டிப் பாயப் பார்க்கும். பாய்ந்தால் மின்சாரம் அறுபடாது, புலமும் மெதுவாகத்தான் சரியும். பாயிண்டுக்குப் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் கண்டென்சர் அந்தக் கணத்தில் அதை உள்ளே வாங்கிக்கொள்கிறது, பாயிண்ட் சுத்தமாகத் திறந்துகொள்கிறது. கண்டென்சர் போய்விட்டால் பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு பாயிண்டிலேயே எரிந்து முடிகிறது. நான் பார்த்த வெளிச்சம் அதுதான்.

பாயிண்டில் நெருப்பே இல்லாமல் இருந்திருந்தால் வேறு வழியில் போயிருப்பேன். 12 வோல்ட் சோதனை விளக்கை காயிலின் கழித்தல் முனையில் வைத்துப் பார்ப்பது. பாயிண்ட் திறந்தால் எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது எங்கோ பாடியில் தொட்டுக்கொண்டிருக்கிறது. அணையவே இல்லையென்றால் பாயிண்ட் சேரவில்லை. மீட்டரைவிட இந்த விளக்கு சாலையோரத்தில் உபயோகமானது. வெயிலில் மீட்டரின் எண் தெரியாது.

இனி என்னை எரிச்சல்படுத்திய விஷயம். செத்துப்போன கண்டென்சர் புத்தம் புதியது. பாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று மாற்றும்போது கண்டென்சரையும் சேர்த்து மாற்றுவது எல்லோரும் செய்வதுதான், ஒரே பெட்டியில் சேர்த்து வைத்துத்தான் விற்கிறார்கள். ஈப்போவில் ஒரு கடையில் வாங்கிய செட். பெட்டி பார்க்க அசல் மாதிரியே இருந்தது. பாயிண்ட் பரவாயில்லை. கண்டென்சர் சில வாரம்கூடத் தாங்கவில்லை.

அப்போது கழற்றிய பழையது பூட்டில் (வண்டியின் பின்பக்கச் சாமான் அறையில்) பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. அது எத்தனை வருடமாக அந்த இன்ஜினில் ஓடியது என்று எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவருக்கே தெரியாது. அதை எடுத்தேன். டிஸ்டிரிபியூட்டரில் மாட்ட முயலவில்லை. அந்தச் சின்ன ஸ்குரு மண்ணில் விழுந்தால் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. கண்டென்சரின் வயர் காயிலின் கழித்தல் முனையைத் தொட வேண்டும், அதன் உடம்பு இரும்பைத் தொட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மின்சாரத்துக்கு அது பாயிண்டின் பக்கத்தில் இருப்பதுபோலத்தான். காயில் பிடிக்கும் கிளம்பின் போல்ட்டைத் தளர்த்தி, பெயிண்டைச் சுரண்டி, கண்டென்சரின் தகட்டை அதில் வைத்து இறுக்கினேன். வயரை கழித்தல் முனையில் மாட்டினேன். செத்ததை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அது உள்ளே கசிந்துகொண்டிருந்தால் புதிதாக எத்தனை மாட்டினாலும் பயனில்லை. அதன் வயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன்.

குச்சியால் மறுபடி பாயிண்டைத் திறந்தால், காயில் வயரில் நீலம், சத்தத்தோடு. பாயிண்டில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பொறி. மூடியைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இன்னும் சூடாகத்தான் இருந்தது, உடனே பிடித்துக்கொண்டது. ஆறவிடாமல் ஓடவைத்தால்தான் நோய் இதுதான் என்று உறுதியாகும்.

தம்பிக்கு டீக்குக் காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றான். "எங்க தாத்தாகிட்டயும் இந்தக் காடிதாண்ணே இருந்துச்சு" என்றான். அந்தக் கதை எனக்குப் பழகிவிட்டது. இந்த வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம் யாராவது ஒருவருடைய தாத்தாவிடம் இது இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து செத்ததைச் சோதித்துப் பார்த்தேன். ஆறிய நிலையில் மீட்டரில் 0.2 மைக்ரோபாரட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. இந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவு 0.20 முதல் 0.24 வரை. அதாவது நல்ல கண்டென்சர்! அடுத்து மீட்டரை ஓம் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, மனைவியின் ஹேர் டிரையரால் சூடுகாட்டினேன். எல்லையற்ற தடை என்று காட்டி நிற்க வேண்டிய மீட்டர் மெல்ல இறங்கத் தொடங்கியது. சூட்டில் கசிகிறது. கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஏறிவிட்டது. இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: மீட்டர் அனுப்புவது சின்ன பேட்டரியின் சில வோல்ட். வண்டியில் அதன்மேல் விழுவது 200, 300. மீட்டரில் தோற்றால் அது நிச்சயம் குப்பை. மீட்டரில் ஜெயித்தால் நல்லது என்று அர்த்தமில்லை.

உறையை அறுத்தும் பார்த்தேன். உள்ளே படலச் சுருள் உறையின் பாதி அளவுக்குத்தான் இருந்தது. வயர் முனை சுருளோடு பற்றவைக்கப்படவில்லை, ஒரு சின்ன ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. இன்ஜினின் சூட்டிலும் அதிர்விலும் அது எவ்வளவு நாள் தொட்டுக்கொண்டிருக்கும்?

பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தது. மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, 0.5 மில்லிமீட்டருக்கு வைத்தேன். 0.45 முதல் 0.55 வரை இருக்கலாம். பிளக்குக்கு 0.8 முதல் 0.9. கேஜ் கையில் இல்லாத அவசரத்துக்கு மைகார்டு (நம் அடையாள அட்டை) உதவும். அந்த மாதிரி அட்டைகளின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அது லேசான தளர்வோடு நுழைந்தால் பிளக் இடைவெளி சரிதான். பாயிண்டுக்கு இது ஆகாது, கேஜ்தான் வேண்டும்.

அன்றிலிருந்து என் கொள்கை ஒன்று: பூட்டில் வைக்கும் மாற்றுச் சாமான் பெட்டி பிரிக்காத புதியதாக இருக்கக் கூடாது. இந்த இன்ஜினிலேயே கொஞ்ச காலம் ஓடிக் காட்டியதாக இருக்க வேண்டும். புதியதை வாங்கியவுடன் வண்டியில் மாட்டிவிடுவேன், ஓடிக்கொண்டிருந்த நல்லதைக் கழற்றி டின்னில் போடுவேன். புதியது ஏமாற்றினால், தெரிந்த ஒன்று கையில் இருக்கும். கண்டென்சர், பாயிண்ட், டிஸ்டிரிபியூட்டர் மூடி, ரோட்டர், பேன் பெல்ட் எல்லாவற்றுக்கும் இதே முறை. ரப்பர் ஹோஸ் மட்டும் விலக்கு, பழைய ரப்பரை நம்ப முடியாது.

ஹோஸ் என்றதும் இன்னொன்று. கோலகங்சார் சாலையில் ஒருமுறை ரேடியேட்டர் மேல் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் கிழிந்து நீராவி அடித்தது. ஏ12 இன்ஜினுக்கு பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறினால் ஹெட் வளையும், கெஸ்கெட் போகும். ஊசி மேலே போனதைப் பார்த்ததும் நிறுத்தியாக வேண்டும், "இன்னும் ஒரு மைல்தானே" என்பதெல்லாம் கிடையாது. மூடியைத் தொட முடிகிற அளவு ஆறும்வரை காத்திருந்தேன் (இங்கே காத்திருப்பதுதான் வைத்தியம்). கிழிசல் நுனியில் இருந்ததால் கத்தியால் அந்தத் துண்டை அறுத்துவிட்டு மீதியை இழுத்து மாட்டிக் கிளிப்பை இறுக்கினேன். நடுவில் கிழிந்திருந்தால் மோட்டார் டியூபை நீளவாக்கில் வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த நிலையில் ரேடியேட்டர் மூடியை முதல் பள்ளத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது. அழுத்தம் ஏறாது, ஒட்டுப் பிய்யாது. ஆனால் அழுத்தம் இல்லாத தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

மழை நாளில் நிற்கிறதா, டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். ஓடும்போது நன்றாக ஓடி, விளக்கில் நின்றால் மட்டும் அணைகிறதா, கார்புரேட்டரில் இருக்கும் சின்ன சோலனாய்டின் வயர் கழன்றிருக்கிறதா பாருங்கள். சாவியை ஆன் செய்தால் அது 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். அந்த வயருக்காக முழு கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவி, காசும் வாங்கிய கடைகள் உண்டு. சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். இந்த வண்டியில் பேனும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன. பெல்ட் அறுந்தால் பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது, சூடு முந்திக்கொள்ளும்.

பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொல்லி நண்பர்கள் விடாமல் சொல்கிறார்கள். நியாயம்தான். தேய்மானம் இல்லை, நெருப்பு பலமாக வரும், காலையில் ஒரே சாவியில் பிடிக்கும். தினமும் ஈப்போவுக்கு வேலைக்கு ஓட்டுகிற வண்டியாக இருந்தால் நானும் மாட்டியிருப்பேன். ஆனால் அந்த மாடியூல் செத்தால் எந்தக் குறிப்பும் கொடுக்காது. குச்சியால் திறந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை. எப்படியும் அடுத்த மாதம் ஒன்று வந்து சேரும், தம்பி ஒருவன் வாங்கியே வைத்துவிட்டான். அதை மாட்டும்போது இப்போதுள்ள டிஸ்டிரிபியூட்டரைப் பிரிக்காமல், பாயிண்டும் பழைய கண்டென்சரும் இருந்தபடியே முழுதாகக் கழற்றி, பூட்டில் ஒரு துணியில் சுற்றி வைப்பதாக இருக்கிறேன். முதல் சிலிண்டருக்கு ரோட்டர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்கு பிளாக்கில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடும், மூடியின் மேல் 1-3-4-2 என்று வயர் வரிசையும் இப்போதே எழுதிவிட்டேன்.